கன்ட்ரோல் இடத்து மட்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். 6.30-க்குக் கழிவுநீர் லாரி வந்து கேட்டை அடைத்துக்கொண்டது. அசோசியேஷன் செயலாளர் வேலை இந்த வருடம் என் தலையில். நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கி, ட்ரிப் சீட்டில் கையெழுத்து. டிரைவர் ஏழுமலை: "குட்மார்னிங்க்கா. டேங்கு ரொம்பி வழியுது. திங்க, வியாழன்னு ரெண்டு வாட்டி வந்தும் பத்தல." பம்பரில் திருஷ்டிக்குக் கட்டிய ஒற்றைச் செருப்பு ஆட, மேடவாக்கம் டிராபிக்கை இன்னும் கெடுத்துக்கொண்டு போனான்.

வாங்க வேண்டியது: ஐஸ், பிளேடு, தோசை மாவு.

தாம்பரம் போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம். முதல் வருடத்துக்கு இரண்டு வகுப்பு, அப்புறம் லேப். அடையாற்றில் எடுத்த மட்டிச் சிப்பியில் கேட்டலேஸ், குளூட்டதயோன் இரண்டும் எப்போதும்போல் எகிறி நிற்கின்றன. அழுக்குத் தண்ணீரின் விஷத்தை எதிர்த்து அதன் உடம்பு போடும் சண்டை. கன்ட்ரோல் மட்டி, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முட்டுக்காட்டுப் பக்கம் எடுத்த சுத்தமான இடத்து மட்டி, அதிலும் அதே அளவு! டியூப்பை மாற்றி வைத்திருக்கிறேன். கவனம் எங்கே போகிறதோ. நாளை மறுபடி.

ஆக. 5, செவ்வாய்

டியூப் மாறவில்லை. கன்ட்ரோல் மட்டியின் ஸ்லைடும் பார்த்தேன். போன ஆடியில் முட்டை நெருக்கியடித்துக் கிடந்த இடம் இப்போது வெறும் பை. ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே காலி. உயிரோடு இருப்பதற்கே இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டு, முட்டைக்கென்று எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

பிஎச்.டி. கைடிடம் காட்டினேன். டீயை ஆற்றிக்கொண்டே: "நல்லதுதானேம்மா. டிஃபென்ஸ் ஏறியிருக்குன்னா அடாப்ட் ஆயிடுச்சுன்னு அர்த்தம். பாசிட்டிவா எழுதுங்க. கன்ட்ரோலுக்குப் போன வருஷ ரீடிங்கையே போட்டுடுங்க. அக்டோபர்ல தீசிஸ் சப்மிட் பண்ணணும்ல?"

அடாப்டாம்! இனமே பெருகாமல் கிடப்பதற்குப் பெயர் அடாப்டா? "சரி சார்" என்றுவிட்டு வந்தேன். அந்த "சரி சார்"-ஐ நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு வருட வேலை.

முட்டுக்காட்டில் எனக்கு மாதாமாதம் மட்டி எடுத்துத் தரும் கன்னியம்மா மார்ச்சிலேயே சொன்னார்: "குஞ்சு மட்டி கையில தட்டவே மாட்டுது டீச்சர். எல்லாம் பெர்சுதான் கீது." நான் தலையாட்டிவிட்டுத் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டேன். படித்த முட்டாள்.

ஆக. 7, வியாழன்

6.30 லாரி, கையெழுத்து. கல்லூரிக்கு லீவு. பஸ் மாறி முட்டுக்காடு. வெயில் மண்டையைப் பிளந்தது.

கன்னியம்மா கழிமுகத்துத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டிருந்தார். அன்னக்கூடையில் பாதிகூட இல்லை. முழங்கை வரை தடிப்பு, சொறிந்து சொறிந்து புண்.

"லாரிக்காரனுங்க டீச்சர். அதோ, கால்வா மேட்டாண்ட. பட்டப்பகல்லயே ஊத்திகினு போறானுங்க. எவன் எவன் வூட்டு நாத்தத்துலயோ நான் கழுத்து வரைக்கும் உக்காரணுமா? நாளைக்கு மட்டி இல்லன்னா நான் இன்னா பண்றது?"

"வரட்டும். போட்டோ எடுத்துக் கலெக்டர் வரைக்கும் போறேன்" என்றேன். வீர வசனம்.

பதினொரு மணிக்கு வந்தது. குழாய் நேராகத் தண்ணீருக்குள். போனை நீட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடினேன். கிட்டே போனால், பம்பரில் ஒற்றைச் செருப்பு.

ஏழுமலை பயப்படவே இல்லை. சிரித்தான். "அக்கா! இன்னாக்கா இங்க? பிளான்ட்டாண்ட போனா நாள் பூரா க்யூல நிக்கணும். எதுக்குக் கத்துறீங்க? இது உங்க வூட்டு லோடுதான். காலைல நீங்கதான கையெழுத்து போட்டீங்க?"

கன்னியம்மா ஈரப் புடவையோடு என் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இம்மா நாளா உங்ககிட்டயேதான் சொல்லிகினு இருந்தனா டீச்சர்?"

சாம்பிள் எடுக்கவில்லை. போட்டோவும்.

ஆக. 8, வெள்ளி

கைடிடம் சொல்லிவிட்டேன்: பழைய ரீடிங்கைப் போட மாட்டேன், இரண்டு இடமும் கெட்டுவிட்டது என்றே எழுதுவேன். "அப்ப எதோட ஒப்பிடுவீங்க?" தெரியாது என்றேன். அக்டோபர் போச்சு. போகட்டும்.

அசோசியேஷன் குரூப்பில் போட்டேன்: லாரி எங்கே கொட்டுகிறது என்று நேரில் பார்த்தேன்; இனிமேல் சுத்திகரிப்பு நிலையத்தின் ரசீது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். வந்தது மூன்று கட்டைவிரல். இரண்டாவது மாடிக்காரர்: "மேடம், ரிசர்ச்சை காலேஜோட வச்சுக்கோங்க." தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கரின் அலறல் ஒரு பக்கம். எரிச்சலில் சோற்றைக் குழையவிட்டேன்.

ஆக. 11, திங்கள்

தூறல். 6.30-க்கு லாரி. ரசீது? "அதெல்லாம் யாருக்கா குடுக்குறான்?" திருப்பி அனுப்பிவிட்டேன். நெஞ்சு நிமிர்ந்துதான் மேலே ஏறி வந்தேன்.

ஒன்பது மணிக்குக் குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. கீழ் வீட்டில் பொங்கி வெளியே வந்துவிட்டதாம். இரண்டாவது மாடிக்காரர் கதவைத் தட்டினார், திறக்கவில்லை. கல்லூரிக்கும் போகவில்லை.

பதினொன்றரைக்குக் கன்னியம்மாவே போன் செய்தார். "உங்க வண்டி வந்து ஊத்திட்டுப் போயிட்சி டீச்சர்."

பக்கத்து அபார்ட்மெண்டில் போய் நிரப்பியிருப்பான்.

"இன்னைக்கு அது எங்க வீட்டுது இல்லீங்க" என்றேன். நிஜமாகவே அப்படிச் சொன்னேன்.