சுட்டபின் சுருங்கிய மோதிரம்

ஆஸ்வின்,

கேப்பை அடையும் மல்லாட்டைக் கொட்டையை வறுத்து அரைத்த சட்னியும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை, நான் காயவைத்திருந்த மோதிரத்தைப் போட்டுப் பார்த்தீர்கள். தொளதொளவென்று இருந்ததும், "எவன் வெரலுக்குடி இது?" என்று அத்தை எதிரிலேயே கேட்டீர்கள். அவர்களும் சிரித்தார்கள்.

என் அளவுதான் தப்போ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். தப்பில்லை. வெள்ளித் தூள் குழைத்த களிமண் சுட்டால் சுருங்கி வெள்ளியாகும். அதனால்தான் அளவைவிடப் பெரிதாகச் செய்தேன். நீங்கள் தூங்கும்போது உங்கள் விரலில் நூல் சுற்றி எடுத்த அளவு அது.

நேற்று மாலை திண்டிவனம் நகை வகுப்பில் அதைச் சுட்டுவிட்டேன். சட்னிக் கிண்ணத்து மூடிமேல் இருக்கிறது. போட்டுப் பாருங்கள்.

கிளாரா

பி.கு.: லூசாக இருந்தால் கிளியனூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்து, எவன் என்று மறுபடி கேளுங்கள். கச்சிதமாக இருந்தால் வராதீர்கள்.