ஆஜராகவில்லை என்று எழுதிவிட்டார்கள்

செக்கானூரணிக்கு மேற்கே,
யுவ வருஷம் ஆவணி மாதம் 12, புதன்கிழமை

ரங்கூன் பட்டணத்தில் இருக்கும் என் மகள் செல்லத்தாய்க்கு உன் அப்பன் பேயாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஆத்தா சீனியம்மாளும் தம்பி விருமாண்டியும் வண்டிமாடு இரண்டும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசு மட்டும்தான் இரண்டு மாதமாகக் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி தங்கப்பொண்ணும் உடம்பும் மனசும் குளிர்ந்து இருக்க நம்ம கருப்பசாமி துணை. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, கண்டதையும் கடிக்கிறாள் என்று எழுதியிருந்தாய், உன் ஆத்தா அந்த ஒரு வரியை மட்டும் நாலு தரம் கேட்டுவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். தம்பிக்கு வேலை என்ன ஆயிற்று, ஆகாவிட்டால் மாப்பிள்ளை கப்பல் சீட்டு எடுத்து அனுப்புகிறார், அரிசி ஆலையில் சேர்த்துவிடலாம் என்று இரண்டு கடிதம் போட்டுவிட்டாய். நான் பதில் எழுதாதது மறதி இல்லை தாயி. எழுத உட்கார்ந்தால் கோபத்தில் என்னவெல்லாமோ வந்து விழுகிறது, அதைப் பெற்ற மகளுக்கு அனுப்பக்கூடாது என்று இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். இப்போதும் கோபம் ஆறிவிடவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது.

நீ கப்பலேறும்போது விருமாண்டிக்கு ரேகை வைக்கும் வயது வரவில்லை. மாப்பிள்ளை ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, அவருக்கும் படித்துக் காட்டு. நம்ம கள்ளர் ஜாதியில் ஆண்பிள்ளையாகப் பிறந்துவிட்டால், ஒரு குண்டூசியைத் திருடாதவனாக இருந்தாலும், வயது வந்ததும் பத்து விரல் ரேகையையும் போலீசுக்குக் கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் கிராம முன்சீப்பிடம் ராதாரிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். உன் தம்பி பசுமலையில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின சேதி வந்தது வைகாசியில். அதே வைகாசியில்தான் போலீஸ்காரர் வந்து அவன் பத்து விரலிலும் மை தடவி உருட்டிக்கொண்டு போனார். ஒரே சர்க்கார், ஒரே மாதம். ஒரு கையால் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் விரலைப் பிடித்து முறுக்குகிறது. இதைக் கேட்க நாதி உண்டா சொல்லு.

ஆனியில் மதுரையில் சர்க்கார் கச்சேரி ஒன்றில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தது. வகுப்புவாரி உத்தரவுப்படி எல்லா ஜாதியாருக்கும் முறை உண்டு, இந்தத் தரம் நம்மவருக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறது என்று அதிலேயே போட்டிருந்தது. விருமாண்டி மனுப் போட்டான். ஆடி பிறந்ததும் பதில் வந்தது, இன்ன தேதி காலை பத்து மணிக்குக் கச்சேரியில் ஆஜராக வேண்டியது என்று. நம்ம ஊருக்குச் சர்க்கார் முத்திரையோடு வந்த காகிதத்தில் சம்மனாக இல்லாமல் வந்தது அதுதான் முதல் காகிதம். உன் ஆத்தா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மதுரைக்குப் போக ராதாரி வேண்டுமே. முன்சீப்பிடம் போனோம். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் அச்சடித்ததற்கு மேல் ஒரு எழுத்து யோசிக்க மாட்டார். சீட்டில் காரணம் என்று ஒரு கட்டம், அதில் கல்யாணம், சாவு, சந்தை, கோர்ட்டு, இதில் ஒன்றைத்தான் எழுதுவது வழக்கம். வேலைக்குப் போகிறான் என்றேன். "அப்பிடி ஒரு காரணம் இதுவரைக்கும் எழுதுனதில்லையே பேயாண்டி, நாளைக்கு மேல இருக்கிறவுக என்னையக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல" என்று தலையைச் சொறிந்தார். பிறகு கச்சேரியிலிருந்து வந்த காகிதத்தை வாங்கிப் பார்த்து, அதிலிருந்த சொல்லையே எடுத்து, மதுரைக் கச்சேரியில் ஆஜர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன் தாயி. காகிதத்தில் இருக்கிற சொல்தானே, சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

அன்றைக்கு விடியற்காலமே வெளுத்த வேட்டி சட்டையோடு பஸ் ஏறிப் போனான். ராதாரியோடு வருகிறவன் போன இடத்தில் போலீசிடம் வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்து வாங்க வேண்டும், அதையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டு கச்சேரி வாசலுக்குப் போயிருக்கிறான். அங்கே சோணைமுத்து என்று ஒரு சேவகர். இவன் பயத்தில் இரண்டு காகிதத்தையும் சேர்த்து நீட்ட, ராதாரி மேலே இருந்திருக்கிறது. கள்ளன், கச்சேரியில் ஆஜர். அவர் அதற்கு மேல் எதைப் படிக்கப் போகிறார். நேரே பக்கத்துத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், விசாரணைக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டார். இவன் இரண்டு தரம் எழுந்து நான் வேலைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லப் போயிருக்கிறான். "பேரு கூப்புடும்போது வாடா, அதுக்குள்ள என்ன அவசரம்" என்று அங்கே நின்ற போலீஸ்காரர் அதட்டி உட்கார வைத்திருக்கிறார். மூன்றரை மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான் உன் தம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் அவன் பேரை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, ஆஜராகவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். கடைசியில் ஒருவன் வெளியே வந்து இவனிடமே சொன்னானாம், உங்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கினாலும் வந்து வாங்கத் துப்பு இல்லை என்று. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தான். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது.

மறுநாள் நானே புறப்பட்டேன். எனக்கும் ராதாரி வேண்டுமே. காரணம் என்ன எழுத என்று முன்சீப் கேட்டார், மகனுக்கு நியாயம் கேட்கப் போகிறேன் என்று எழுதுங்கள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சந்தை என்று எழுதிக் கொடுத்தார். கச்சேரியில் ஹாலாஸ்யம் ஐயர் என்று ஒரு தலைமைக் குமாஸ்தா. என்னை நிற்க வைத்தே பேசினார், பேசட்டும். ஆனால் அவர் மேஜையில் இருந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். அந்த வகுப்பில் தகுதியானவர் எவரும் வரவில்லை, ஆகையால் அந்த இடம் அடுத்த முறைக்காரருக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துக்குத் தயாராக வைத்திருந்தார்கள். பார்த்தாயா தாயி, எவ்வளவு சுலபம். எல்லாருக்கும் இடம் உண்டு என்று ஊரறிய விளம்பரம் போடுவது, வருகிறவனை வாசலிலேயே பிடித்து வேறு திண்டில் உட்கார வைப்பது, பிறகு வரவில்லை, தகுதி இல்லை என்று எழுதிவிடுவது. எத்தனை ஊரில் எத்தனை பேர் பேருக்கு நேரே இப்படி எழுதியிருப்பார்களோ. அடக்கமாகத்தான் பேச வேண்டும் என்று உன் ஆத்தா சொல்லி அனுப்பியிருந்தாள், என்னால் முடியவில்லை. விருமாண்டியின் ராதாரியை எடுத்து அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்து, வரலைன்னு எழுதியிருக்கீகளே, இது யாரு வந்த நேரம், உங்க போலீசுதானே குறிச்சிருக்கு என்று கேட்டேன். கச்சேரியே திரும்பிப் பார்த்தது. ஐயர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்திருக்கானே, ஒன்பதே முக்காலுக்கே வந்திருக்கானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே எடுத்துப் போனார். அரைமணி கழித்து வேறு தேதி கொடுத்தார்கள். அந்த மனுஷர் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், அவர் கிழிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தத் தேதிக்குப் போனபோது உள்ளே இருந்த அதிகாரி, படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். போலீஸ் ரிஜிஸ்தரில் பேர் இருக்கிறவனை எப்படி நம்பிக் கச்சேரியில் வைப்பது என்று கேட்டிருக்கிறார். உன் அப்பன் ஒரு நாள் பேர் கொடுக்க வராவிட்டால் அதை நீ எழுதுவாயா என்றும் கேட்டிருக்கிறார். "எழுதுறேன் ஐயா, அவரு வந்த நாளு அம்புட்டையும் சேத்து எழுதுறேன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். ஆடிக் கடைசியில் உத்தரவு வந்தது. வேலை கிடைத்துவிட்டது. என்ன வேலை தெரியுமா, கேட்டால் உனக்கும் பற்றிக்கொண்டு வரும். அவனோடு எடுத்த மற்றவர்களுக்கு நிலவரிப் பிரிவு, பத்திரப் பிரிவு என்று கொடுத்துவிட்டு, இவனுக்கு ரேகை ரிஜிஸ்தருக்கு நகல் எடுக்கிற வேலை. ஊர் ஊராக நம்மவர் பேரையெல்லாம் பார்த்துப் பார்த்துப் புது ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். வேண்டாம் என்று இவனே சொல்லி ஓடிவிடட்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஊரில் மொக்கையன் சித்தப்பா நம்ம வாசலில் வந்து நின்று, "நம்மளக் களவாணின்னு எழுதுற ரிஜிஸ்தரை நம்ம பயலே மை தொட்டு எழுதணுமாக்கும்" என்று காறித் துப்பிவிட்டுப் போனான். கூடப் பிறந்தவன், அவனை நான் என்ன சொல்ல. அன்றைக்குத்தான் உன் இரண்டாவது கடிதம் வந்தது. விருமாண்டி கப்பலுக்கே போகிறேன் என்றான். நானும் உள்ளுக்குள் அதுதான் சரி என்று நினைத்தேன், ரங்கூனில் எவனும் என் பிள்ளையின் விரலைக் கேட்க மாட்டான் அல்லவா. உன் ஆத்தாதான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவென் கப்பலேறிட்டா, வரலைன்னு அவுக எழுதுனது நெசமாப் போயிருமே" என்றாள். ஆவணி மூணாம் தேதி திங்கட்கிழமை விருமாண்டி மூலையில் கிடந்த அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தான். சர்க்கார் வேலைக்குப் போகிற குமாஸ்தா, அந்த வேலைக்குப் போவதற்குத் தினமும் காலையில் சர்க்காரிடமே சீட்டு வாங்குகிறான், திரும்பி வந்ததும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேர் கொடுக்கிறான். ஒரு வருஷம் நன்னடத்தையாக இருந்தால் பேரை எடுப்பது பற்றி யோசிக்கலாமாம். இவன் நடத்தையை இவர்கள் யோசிக்கிறார்களாம்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நம்ம ஊர் ரிஜிஸ்தர் நேற்றுத்தான் அவன் மேஜைக்கு வந்திருக்கிறது. பழைய குமாஸ்தா யாரோ முதல் பேருக்கு நேரே எழுதத் தெரியாது என்று எழுதிவிட்டு, கீழே கடைசிப் பேர் வரைக்கும் மேற்படி மேற்படி என்று புள்ளி வைத்துக்கொண்டே போயிருக்கிறான். ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டது கிடையாது. அதில் விருமாண்டி பேருக்கு நேரேயும் மேற்படிதான். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், தன் பேருக்கு நேரே எழுதத் தெரியாது என்று தன் கையாலேயே எழுத வேண்டுமாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஹாலாஸ்யம் ஐயரிடம் போயிருக்கிறான். "நகல்னா உள்ளது உள்ளபடி, திருத்த நீ யாரு" என்று முதலில் சீறியிருக்கிறார். இவன் நகரவில்லை, இந்த வரியை எழுதினால் நான் எழுதினதே பொய்யாகிவிடுமே ஐயா என்று நின்றிருக்கிறான். அவர் ரிஜிஸ்தரைப் பார்த்து, இவன் கையெழுத்தைப் பார்த்து, சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல், "சரி, உன் பேரை நானே திருத்தி இனிஷியல் போடறேன், மத்தவாளும் ஒவ்வொருத்தரா வந்து என் எதிர்க்க எழுதிக் காட்டட்டும்" என்று சொல்லிவிட்டார். நம்ம ஊரில் எழுதத் தெரிந்தவர் பன்னிரண்டு பேர் தேறுகிறோம். திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் போகிறோம். மொக்கையனும் வாரேன் என்று சொல்லியிருக்கிறான், சண்டைக்கு வருகிறானா எழுத வருகிறானா தெரியவில்லை, வந்தால் சரி. விருமாண்டி நேற்றுச் சோற்றில் கைவைக்கும்போது, "நான் கப்பலேறிட்டா அடுத்து வர்றவன் அந்தப் புள்ளியை அப்படியே வச்சிட்டுப் போயிருவான்ல அப்பா" என்றான். அதனால் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு தாயி, கப்பல் சீட்டு எடுக்க வேண்டாம். அவர் மனசுக்கு நாங்கள் கோடி கும்பிடு.

பேத்திக்குப் பல் வருகிற நேரம், வயிற்றுப்போக்கு வந்தால் ஓமத்தண்ணீர் கொடு. அங்கே மழை விடாது என்கிறாய், ஈரத்துணியோடு பிள்ளையைத் தூக்காதே. மாப்பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு போடு, நீயும் சாப்பிடு. நீ தீர்க்க சுமங்கலியாக, பேர் சொல்லப் பிள்ளைகளோடு, எவனுக்கும் விரல் நீட்டாத ஊரில் நல்லபடி இருக்க ஆத்தாவும் நானும் சேர்ந்து வாழ்த்துகிறோம். இன்னொன்று, மறந்துவிடாதே. ஜெர்மன் சண்டைக்குப் பஸ்ராவில் மண்ணள்ளப் போனபோது, கூட இருந்த ஒரு புண்ணியவான் கரித்துண்டால் சாக்கின் மேல் எழுதிக் கற்றுக்கொடுத்த எழுத்து இது, நீ கப்பலேறின நாளிலிருந்து உனக்கு நான் போட்ட கடிதங்களில் கையில் அகப்பட்டதை எடுத்து அடுத்த தபாலில் அனுப்பு. திங்கட்கிழமைக்கு வந்து சேராது என்று தெரியும். இந்த ரிஜிஸ்தருக்கு அடுத்து ஒரு ரிஜிஸ்தர் வரும், அதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
எழுதத் தெரியாதவன் என்று சர்க்கார் ரிஜிஸ்தரில் இருக்கும் உன் அப்பன்,
பேயாண்டி