காது இரைச்சலும் மச்சான் திருப்பித் தந்த கோப்பையும்

சனா ஊர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நூரீசாவுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் உன் அம்மாவும் கூண்டுகளில் இருக்கும் வரிப்புறாக்களும் நலம். பாங்காக்கில் நீயும் உன் மருந்துக்கடை வேலையும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனைக் காதில் வைத்தால் உன் பேச்சுக்கு மேலே என் காதின் கீச்சொலி ஏறி உட்கார்ந்துகொள்கிறது, நீ கேட்பது புரியாமலே எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன். மாத்திரை விஷயத்தில் அப்படிச் சரி சொல்லக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மாத்திரையின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நன்றி கெட்டவன் என்று நீ நினைக்கக் கூடாது. ஹாட்யாய் டாக்டரம்மா ஆரம்பத்திலேயே ஒளிக்காமல் சொன்னார், "ஐயா, மர மில் ரம்பத்துல கெட்ட காது இது, இந்தச் சத்தத்தைத் துடைச்சு எடுக்கிற மாத்திரை எனக்குத் தெரிஞ்சு இல்ல. இது நீங்க தூங்கவும், அதையே நினைச்சுத் தவிக்காம இருக்கவும்தான்" என்று. சொன்னபடியே நடந்தது. நன்றாகத் தூங்கினேன், உன் அம்மாமேல் எரிந்து விழுவது நின்றது. நாக்கு வறண்டது, காலையில் தலை பாறாங்கல்லாகக் கனத்தது, அம்மா மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஈசா மாமா சந்தையில் யாரோ விற்ற காதுச் சொட்டு மருந்தைத் தூக்கிக்கொண்டு வந்தான், நீ சொல்லியிருந்தபடி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் ஒருநாள் அம்மாவின் மஞ்சள் புளிக்குழம்பு ஒரே உப்பு, நான் பேசாமல் தின்றுவிட்டு ருசியாக இருந்தது என்றும் சொல்லியிருக்கிறேன். கல்யாணமான நாள் முதல் என் வாயில் வராத வார்த்தை அது. உன் அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் சிரித்தேன், அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

போன வாரம் நம் ஊரில் புறா கூவும் போட்டி. வழக்கம்போல நான்தான் நடுவர். கம்பங்களின் உச்சியில் கூண்டுகள், கீழே நான் காதை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன். நான் மார்க் போடுவதில் எவ்வளவு கஞ்சன் என்று உனக்குத் தெரியும், கூவலின் கடைசி 'கொங்' சத்தம் உருண்டு நீண்டு இறங்காவிட்டால் என் சொந்தப் புறாவுக்கே போட மாட்டேன். அன்று எல்லாப் புறாவும் இனிமையாகவே கூவின. எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தேன், ஊரே என்னைத் தோளில் தூக்காத குறை. முதல் கோப்பை யாருக்கு என்று நினைக்கிறாய், ஈசா மாமாவின் புறாவுக்கு! கடைசிச் சத்தத்தைப் பாதியில் விழுங்கிவிடும் அந்தப் புறாவுக்கு.

சாயங்காலமே ஈசா கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். "மச்சான், என் புறாவை எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா நீங்க எனக்கு ஒரு மார்க் கொடிகூடக் குடுத்ததில்ல, அதுல எனக்கு வருத்தம் உண்டு. ஆனா யூசோ மச்சான் நல்லா இருக்குன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும்னு நம்பித்தானே நாங்கல்லாம் வர்றோம்? இப்பக் கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்தா, நாளைக்கு எம் புறா நெசமாவே ஜெயிச்சாலும் எவன் நம்புவான்?" என்று கேட்டான். கண்ணை அல்ல, காதை மூடிக்கொண்டு கொடுத்தேன் என்று சொல்ல வந்து, கோப்பையை வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது மகளே. மாத்திரைக்கு முந்தைய நாட்களில்கூடக் கீச்சொலியைத் தாண்டிப் புறாவைக் கேட்டிருக்கிறேன். மாத்திரை சத்தத்தைத் தொடவில்லை, எது நல்லது எது சுமார் என்ற என் அக்கறையைத்தான் தொட்டிருக்கிறது.

நீ பயப்படாதே, கோபத்தில் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடவில்லை. சட்டென்று நிறுத்தினால் உடம்பு உதறும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. டாக்டரம்மாவிடமே போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, சிலருக்கு இதே மாத்திரை நன்றாக ஒத்துப்போகும், உங்கள் வேலைக்கு இந்த அளவு அதிகம் என்று சொல்லி, படிப்படியாகக் குறைக்க எழுதிக் கொடுத்தார். காதுக் கருவி ஒன்றும் பொருத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், வெளிச்சத்தம் நன்றாகக் கேட்டால் உள்சத்தம் அடங்கியது போலிருக்குமாம். போட்டிக் கமிட்டியிடம் நானே போய், காது தெளியும் வரை நடுவர் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோப்பை உரிய புறாவுக்குப் போய்விட்டது. நாற்காலி எனக்குத் திரும்பி வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரைச்சல் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, தூக்கமும் முன்போல இல்லை. ஆனாலும் நேற்று மத்தியானம் குழம்பை வாயில் வைத்ததும், "என்ன இது, கடல் தண்ணியையே கொட்டிட்டியா?" என்று கத்திவிட்டேன். உன் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, "ஈசா, உங்க மச்சான் திரும்பி வந்துட்டாரு!" என்று தெரு கேட்கக் கூவினாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வாழ்வாதாரமும் தருவானாக. வேளைக்குச் சாப்பிடு. பெருநாளுக்கு வரும்போது மாத்திரை எதுவும் வாங்கி வராதே, என் இடது பக்கம் உட்கார்ந்து பேசு, அந்தக் காது உன்னைக் கேட்கும்.

உன் அப்பா,
யூசோ