தொழுவத்துக்கு ஒரு ஜன்னல்

என் கோபக்காரிக்கு,

உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ அதற்காகத்தான் போயிருக்கிறாய் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

விதியை மாற்றிவிட்டார்கள். விளைநிலத்தில் இனி வீடும் கட்டலாம். மாட்டுத்தொழுவம் என்று அனுமதி வாங்கி நாம் கட்டிக் குடியேறிய வீட்டை, இப்போது வீடு என்றே பதிந்துகொள்ளலாமாம்.

நேற்று கட்டட ஆய்வாளர் வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும், பழக்கதோஷம், கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பால்காரருடைய மாட்டைப் பிடித்துவந்து கூடத்தில் கட்டிவிட்டேன். மனிதர் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னும் எதுக்குங்க இது? பாவம், அவுத்து விடுங்க. போன தடவையே எனக்குத் தெரியும். எந்த மாடுங்க சீப்பும் கண்ணாடியும் வச்சுக்கும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"மாடு உள்ள வந்தா நான் வெளிய நிக்கணும், அப்படித்தானே?" என்று போன தடவை அவர் வந்த அன்றைக்கு நீ கேட்டபோது, நான் மாட்டைக் கட்டுவதிலேயே குறியாக இருந்தேன்.

தொழுவத்துக்கு ஜன்னல் எதற்கு என்று கேட்பார்களோ என்று பயந்து, நீ கேட்டும் வைக்காமல் விட்டேனே, அந்தச் சமையலறைச் சுவரை இன்று காலை உடைத்தேன். அடுப்பு மேடை வரைக்கும் வெயில் வருகிறது.

விண்ணப்பத்தில் குடியிருப்போர் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சரிபார்க்க வருகிறார்கள். இந்த ஒரு தடவையாவது நான் எழுதிக் கொடுத்தது உண்மையாக இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்