கை நனைக்காத விருந்தாளிகள்

கொல்லங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கப்பாவும் மாடும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. போன வியாழக்கிழமை நானே நேரில் பார்த்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குத் திருச்சூரில், உங்கள் மன்றத்துக் கூட்டம் நடந்த அறையில், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு மேசை துடைத்தாளே ஒரு சேச்சி, அது நான்தான். உன் கைக்குப் பக்கத்தில் துடைத்தபோது நீ தலையைத் தூக்காமலே "தேங்க்ஸ் சேச்சி" என்றாய். பெற்ற பிள்ளையிடமே சேச்சி பட்டம் வாங்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூலையில் டீக்கறை போகவில்லை என்பதும் தெரியும். என் கண் மேசையில் இல்லை, உன் மேல் இருந்தது.

உடனே போனை எடுத்துக் கத்தாதே. இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மன்றம் கொடுத்த லேப்டாப் எப்போது பார்த்தாலும் உன் பக்கத்தில் திறந்தே இருக்கிறது. நாம் பேசுவது அதற்குக் கேட்காது என்கிறாய். மன்றத்துச் சாமான் மன்றத்திடம் சொல்லாமலா இருக்கும்? அதனால்தான் கடிதம். நாலாம் கிளாஸ் எழுத்து. கோணியிருந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் என் பக்கத்தையும் கேள். மூன்று வருஷத்தோடு நிறுத்தினாலும் டிகிரி உண்டு, நாலாவது வருஷமும் படித்தால் அது ஹானர்ஸ் என்று நீ விளக்கினாய். அப்படிப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கூடமாட நிற்க ஒரு மன்றம் இருக்கிறது, அது உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, இரண்டு மாதம் புனேயில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பும் என்றாய். நெல்லில் விழுகிற புகையானைப் பற்றிப் படிக்கவாம். உங்கப்பா மருந்தடித்துத் துரத்துகிற பூச்சியை நீ ரயிலேறிப் போய் விசாரித்துவிட்டு வருவாய். அது இருக்கட்டும். ரயில் டிக்கெட் அவர்கள், தங்க இடம் அவர்கள், சோறும் அவர்கள். எங்கள் பங்குக்குச் சம்மதபத்ரத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போதுமாம். அதில் உன் ரத்த குரூப் என்ன என்று ஒரு கட்டம். பூச்சி பார்க்கப் போகிறவளின் ரத்தம் எதற்கு இவர்களுக்கு? அங்கேயே எனக்கு இடித்தது.

இன்னொரு பக்கம் பொள்ளாச்சிக்காரர்கள். உன் மூன்று வருஷப் படிப்பு முடிந்ததும் வைகாசியில் வந்து பெண் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தோப்பும் துரவுமாக நல்ல இடம். நாலாவது வருஷம் என்றால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே அந்தக் கையெழுத்தைப் போட்டால் ஒரு வழி, போடாவிட்டால் ஒரு வழி. போடாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். வீட்டைப் பார்க்க மன்றத்திலிருந்து ஆள் வரும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேன் என்பாய். நீ போனில் பேசுகிற வேகத்துக்கு அது எந்த மூலையில் போயிற்றோ. ஆட்டோவில் இருந்து உங்கள் மன்றத்து அன்னமேரி டீச்சர் இறங்கினார், குடையோடு. பின்னாலேயே தாடி வைத்த ஒரு பையன். மன்றத்தின் உதவியில் முன்னால் படித்தவன், பெயர் சந்துரு என்றார்கள். அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தேன். இரண்டு மாதமாக உன் வாயில் "சந்துரு அண்ணா சொன்னாங்க" என்பது தவிர வேறு பேச்சு உண்டா? உப்புமாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைக்கூட அந்த அண்ணாவைக் கேட்டுத்தான் வைப்பாய் போலிருந்தது.

"உள்ள வாங்க, டீ குடிக்கலாமுங்க" என்றேன். "ஒண்ணும் வேண்டா அம்மே" என்றார் டீச்சர். மோர் என்றேன். வேண்டாம். இளநீர் வெட்டச் சொல்லட்டுமா என்றேன். அந்தப் பையன் கையெடுத்துக் கும்பிட்டு, "இல்லம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றான். கடைசியில் ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினேன். பையில் இருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினான்.

நீயே சொல்லு. நம்ம பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீர்கூட வாங்காமல் போகிறவர்கள் யார்? பகையாளி வரவே மாட்டான். பெண் கேட்டு வருகிறவர்கள்தான் பேச்சு முடிகிறவரைக்கும் கை நனைக்க மாட்டார்கள். இவர்கள் கேட்டதும் அதற்குத் தகுந்த மாதிரியே இருந்தது. வீட்டில் எத்தனை பேர், பிள்ளை உட்கார்ந்து படிப்பது எங்கே, வெளியூர் அனுப்பச் சம்மதமா, மேற்கொண்டு என்ன யோசனை. நான் விடுவேனா? நானும் முறைப்படி விசாரித்தேன். "உங்களுக்குக் குலதெய்வம் எங்கீங்க?" என்று டீச்சரைக் கேட்டேன். "எங்களுக்குப் பள்ளியிலே அந்தோணியார் உண்டு" என்றார், சர்ச்சைத்தான் அவர்கள் பள்ளி என்பது. சரி, இவர் துணைக்கு வந்தவர் என்று முடிவு செய்து பையனிடம் திரும்பினேன். மறையூரில் கரும்புக் காடு, வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்றான். நான் மனதில் குறித்துக்கொண்டேன். அதற்குள் மாடு அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டது. "அக்கட்டால நவுருங்க கண்ணு" என்று அவனைப் பார்த்துக் கத்திவிட்டேன். கண்ணு என்றது வாய்ப்பழக்கம், வேறொன்றும் இல்லை.

உங்கப்பா வயலில் இருந்து வந்ததும், இந்த மாதிரி இரண்டு பேர் வந்தார்கள் என்றேன். யார், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "டீ குடிச்சாங்களா?" என்றார். இல்லை என்றேன். தண்ணீர்? அதுவும் இல்லை என்றேன். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அப்பறம் என்ன, அதுதான்" என்றார். பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள் அக்கா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள். "மன்றமாவது ஒண்ணாவது. புள்ளையும் பையனும் பேசி முடிச்சுப்போட்டாங்க மயிலா, ஊட்டுக்குச் சொல்றதுக்குத்தான் டீச்சரம்மா" என்றாள். புனேயும் பொய், பூச்சியும் பொய் என்று அன்றைக்கே எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. ரத்த குரூப்புகூட அதற்குத்தான் என்றாள் அக்கா. இப்போதெல்லாம் ஜாதகத்தோடு அதையும் பார்க்கிறார்களாம்.

உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். இல்லை என்பாய். பொய் சொன்னாலும் உன் குரல் மாறாது. அது என்னிடமிருந்து உனக்கு வந்தது. அதனால் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று உங்கப்பாவிடம் மாறாத குரலில் சொல்லிவிட்டு, நெம்மாறை வழியாகத் திருச்சூர் பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் காலேஜில் மாஸ்க்கும் பழைய சேலையுமாக வராந்தாவில் நின்றால் யாரும் யாரென்று கேட்பதில்லை. ஒரு அம்மா வந்து கையில் துணியைக் கொடுத்து, "புதிய ஆளாணோ? ஆ மேசை ஒந்நு துடைக்கூ" என்று உள்ளே இருந்த மேசையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. உள்ளே போக வேறு என்ன வழி?

நான் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா நடுமேசையில் திறந்திருந்தது. அந்தச் சந்துரு என்னும் பையன் அதற்குள் கையை விட்டவன் எடுக்கவே இல்லை. பேசும்போதும் முறுக்கு, எழுதும்போதும் முறுக்கு. என் கண்ணெதிரே அடித்தட்டு வரை போனான். பெண் கேட்கிற எண்ணம் இருக்கிறவன் பெண் வீட்டுப் பலகாரத்தை இப்படியா வெட்கமில்லாமல் தின்பான்? துடைப்பதை நிறுத்திவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். மறையூர்க் கரும்புக் காட்டை நினைத்துக் கொஞ்சம் வருத்தமும் பட்டேன். அதை உங்கப்பாவிடம் சொல்லாதே.

பிறகு நீ எழுந்து பேசினாய். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பாதியில் டீச்சர் நிறுத்தி, தப்பு, முதலில் இருந்து சொல் என்றார். நான் சுவரோரமாக ஒதுங்கினேன். குழம்பில் உப்பில்லை என்றால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறவள் அல்லவா நீ. ஆனால் தலையை ஆட்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தாய். இது யார் வீட்டுப் பிள்ளை என்று நினைத்தேன்.

உனக்கு அடுத்து அந்தச் சின்னப் பெண், முதல் வருஷம் ஆனந்தி. எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை, கண் நிறைந்துவிட்டது. நீ போய் அவள் பக்கத்தில் சும்மா நின்றாய். கொஞ்ச நேரம் கழித்து அவள் பேசினாள். அந்த நேரம் நான் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து கூட்டத்தில் வழி கேட்க, "அக்கட்டால நவுருங்க கண்ணு" என்றேன். முன்னால் போன அன்னமேரி டீச்சர் நின்றுவிட்டார். திரும்பி, "யோகப்பிரியாட அம்மயல்லே?" என்றார். மாஸ்க் போட்டு என்ன பிரயோஜனம், வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். குழாயடிக்குக் கூட்டிப்போனார். உன்னிடம் சொல்லவில்லை, நல்ல மனுஷி. மாட்டியது மாட்டியாயிற்று என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். ஏன் கை நனைக்கவில்லை? அதற்கு அவர், ஒரு வீட்டில் இவர்களுக்காக இருந்த ஒரே கோழியை அடித்துவிட்டார்களாம், இன்னொரு வீட்டில் நன்றாகச் சாப்பாடு போட்டால் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டார்களாம், அதிலிருந்து போகிற வீட்டில் எதையும் வாங்கக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறோம் என்றார். ரத்த குரூப்? வெளியூரில் ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரியில் கேட்பார்களாம். ஏதாவது என்றால் என்ன என்றேன். சிரித்தார்.

"ஏனுங்க டீச்சர், எங்க புள்ளைய வெச்சு உங்களுக்கு என்ன லாபம்?" என்றேன். எங்களுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் மன்றம் கைகொடுத்த பிள்ளை அடுத்த ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் கைகொடுக்க வேண்டும், சந்துரு யோகப்பிரியாவைப் பார்த்துக்கொண்ட மாதிரி யோகப்பிரியா இனிமேல் ஆனந்தியைப் பார்த்துக்கொள்வாள் என்றார். பார்த்தாயா? கொக்கி இருக்கிறது என்று நான் சொன்னேனா இல்லையா? ஆனந்தியின் வீடு சித்திரபுரம், அம்மா சின்னத்தாய் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள், அடுத்த மாதம் அங்கே வீடு பார்க்கப் போவது நீயும் டீச்சரும்தான் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அதையேதான் யோசித்தேன். எனக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை, போகவும் போகாது. புனேயில் இருந்து தினமும் போன் செய்ய வேண்டும், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு. ஆனாலும் சம்மதபத்ரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டு இதனோடு வைத்திருக்கிறேன். உங்கப்பாவும் போட்டுவிட்டார். பல் டாக்டர் பொய்யை ஒப்புக்கொண்டு முறுக்கு விஷயத்தைச் சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட்டார். பொள்ளாச்சிக்காரர்களை வைகாசியில் வர வேண்டாம் என்றும் அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சித்திரபுரத்துக்கு நீ போகும்போது அந்தச் சின்னத்தாய் வேலை முடிந்து அவசரமாக வந்து, இருக்கிறதில் நல்ல டம்ளரைத் தேடிக் கழுவி டீ போடுவாள். நாளெல்லாம் கொழுந்து எடுத்த கை. அவளிடம் போய் டீ வேண்டாம் என்பாயா? மறுநாள் என்னைப்போல் மாஸ்க் போட்டுக்கொண்டு திருச்சூர் வந்து பார்க்க அவளுக்கு லீவும் கிடைக்காது, அவ்வளவு தூரம் பஸ்ஸும் லேசில் கிடைக்காது. பிள்ளையை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாள். சட்டம் டீச்சருக்கு. நீ கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போயாவது அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிடு, சாமி. டீச்சர் கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. புனேயில் குளிராம், உங்கப்பாவின் மப்ளரைக் கொடுத்தனுப்புகிறேன், மறுக்காதே. காச்சாங்குறிச்சிப் பெருமாள் உன் கூடவே வருவார், அவர் டிக்கெட்டை மன்றம் எடுக்க வேண்டியதில்லை. போன இடமெல்லாம் நாலு பேர் உன்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லட்டும். நாங்கள் இங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
உன் காலேஜின் புதிய சேச்சி,
அம்மா மயிலாத்தாள்

பின்குறிப்பு: எழுதியதைச் செல்லாத்தாள் அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடிந்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை, ஆனால் தானாக எழ முடியவில்லை, என்னாலும் தூக்க முடியவில்லை. உங்கப்பா வயலில் இருந்து வர வேண்டும். மேலே படி என்கிறாள். படித்துக்கொண்டிருக்கிறேன்.