இருபத்துமூன்று மீட்டர்

ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை ஏழரை மணிக்கு, நம் காரை ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி பிரேக்கை முழுதாக மிதித்தபோது, அது நிற்க இருபத்துமூன்று மீட்டர் எடுத்தது. அளந்தவர் பிரேக் கடைக்காரர். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான். இடம், அவர் கடைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் காலி மைதானம். சக்கரம் முழுதாக ஆறும்வரை காத்திருந்து காத்திருந்து மூன்று முறை பார்த்தோம். இருபத்துமூன்று, இருபத்துநான்கு, மறுபடியும் இருபத்துமூன்று.

உனக்கு இருந்தது பதினெட்டு மீட்டர்.

அந்தப் பதினெட்டை நீ மறந்திருக்க மாட்டாய். விபத்து நடந்த இடத்தின் எதிர்க்கடை கேமராவில், நீ ஐம்பதில் வந்ததும், நின்றிருந்த லாரிக்குப் பதினெட்டு மீட்டர் முன்பே உன் பிரேக் விளக்கு எரிந்ததும் பதிவாகியிருந்தது. மூன்றாம் நாள் வந்த வாகன ஆய்வு அதிகாரி நம் காரை ஓட்டிப் பார்த்தார். பதினைந்து மீட்டரில் நின்றது. அதனால் "பிரேக்கில் குறையில்லை, ஓட்டியவர் முழுதாக மிதிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை நீ ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டு போனதை நான் பார்த்தேன்.

அவர் சோதித்த பிரேக் நீ மிதித்த பிரேக் அல்ல. நான் மாற்றிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலைப்பாதையில் நாம் இறங்கி வந்தபோது பிரேக் சூடாகிச் சரியாகப் பிடிக்காமல் போனதே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நல்ல பிரேக் போட வேண்டும். பந்தயத்தில் ஓட்டும் ஒருவரிடம் சொல்லிவைத்து, விபத்துக்கு ஒன்பது நாள் முன்பு நாலு சக்கரத்துக்கும், டிஸ்க்கைக் கவ்விப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் பேட் வாங்கினேன். பிரேக் கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தவுடனேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "சார், இது பந்தய வண்டிக்கு. சூடாக சூடாகத்தான் பிடிக்கும். காலைல எடுத்த எடுப்புல மிதிச்சா வழுக்கிட்டுப் போகும். வீட்டு வண்டிக்கு நான் இதப் போட மாட்டேன்" என்றார்.

நீயும் அம்மாவும் சினிமாவுக்குப் போயிருந்த மதியம் நானே ஜாக்கி வைத்துப் போட்டேன். நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மிதித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பிரேக்கை நான் கண்டதில்லை. சாப்பிடும்போது, "இனிமே நம்ம வண்டி நட்ட கல்லு மாதிரி நிக்கும்" என்று பீற்றிக்கொண்டேன். அம்மா, "மொதல்ல ஓடட்டும், அப்புறம் நிக்கட்டும்" என்றாள். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். கடைக்காரர் எச்சரித்ததை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா உடனே கழற்றச் சொல்வாள். காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு வருடமாகத் தேடிவிட்டேன், இல்லை.

இன்னொன்றும் உண்டு. நான் ஓட்டும்போது தெருமுனை வரை பிரேக்கை லேசாக மிதித்தபடியே போய்ச் சூடேற்றிக்கொள்வேன். தெரிந்துதான் ஓட்டினேன். அன்று காலை, அம்மாவை அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் விட்டுவிட்டு வா என்று சாவியை உன் கையில் கொடுத்தபோதும் தெரியும். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மிதிச்சேன்பா, புடிக்கலப்பா" என்று சொன்னாய். மூன்று முறை சொன்னாய். "பயத்துல லேட்டா மிதிச்சிருப்ப, விடு" என்றேன். அதற்குப் பிறகு நீ சொல்வதையே நிறுத்திவிட்டாய். மறுநாள் மதியம், முன்பக்கம் நசுங்கி நம் வாசலில் நின்ற வண்டியில் பழைய பேட்டுகளைத் திரும்பப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ ஆசைப்பட்ட வேலை. கார் ஓட்ட வேண்டும் என்பதால் வேண்டாமென்று எழுதப் போகிறாய். "நான் ஓட்டினா யாருக்காவது ஏதாவது ஆயிடும்மா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் அம்மா நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அவ ஃபோன்ல அழும்போதெல்லாம் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள். பிறகு, "ஊர்ல இருக்கற தராசையெல்லாம் சரிபார்த்து முத்திரை குத்தற ஆளு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் பேசுகிறாள். மருந்துக் கடையில் பாட்டில் மூடியைத் திறக்க இன்னும் பக்கத்துப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறாள். வலிக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பந்தய பேட்டுகளை நான் எறியவில்லை. வெள்ளிக்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு பிரேக் கடைக்காரரிடம் போனேன். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "பாப்பாதான் சரியா ஓட்டலன்னு என்கிட்டயே சொன்னீங்களே சார்" என்றார். சொன்னேன்தான். நேற்று அந்த பேட்டுகளை மாட்டிச் சோதித்த பிறகு கழற்றிவிட்டு, வண்டியை முறையாகச் செய்துகொடுத்தார். புது டிஸ்க், புது பிரேக் ஆயில், விரிசல் விட்டிருந்த ரப்பர் பிரேக் குழாய்களுக்குப் பதில் புதியவை, தெருவில் ஓட்டும் வீட்டுக் காருக்கென்று செய்த பேட். வண்டியை ஓட்டி, படிப்படியாக மிதித்துப் புது பேட்டைப் பழக்கினார். பிறகு முழுதாக ஆறவிட்டு அளந்தோம். பதினான்கு மீட்டர். வேறு எதையும் நான் அவரிடம் கேட்கவில்லை. பந்தய பேட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றே இதைத்தான் செய்து தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "பரவாயில்லப்பா" என்பாய். அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பரவாயில்லை என்று மட்டும் எழுதாதே. திட்டு, அல்லது எழுதாமல் இரு.

பாக்கி இருப்பவை இவை. ஆய்வு அலுவலகத்தில் என் வாக்குமூலத்தை வெள்ளியன்றே கொடுத்துவிட்டேன். புதன்கிழமை பத்தரை மணிக்கு பேட்டுகளோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரரும் வருகிறார். திருத்திய அறிக்கை அன்று மாலையே கிடைக்கும் என்று எழுத்தர் சொன்னார். கிடைத்த உடனே படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். என் எடையளவுத் துறை வேலையில் விசாரணை வரலாம். அது எப்போது என்று தெரியாது, அதை நீ யோசிக்காதே. புதன்கிழமை என்னோடு வருவாளா என்று அம்மா இன்னும் சொல்லவில்லை.

நீ அவர்களுக்குப் பதில் சொல்ல வெள்ளிவரை நேரம் இருக்கிறது. எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். புதன் மாலை வரை மட்டும் "முடியாது" என்று எழுதிவிடாதேம்மா.

நீ போகிற சாலையெல்லாம் உனக்கு வழிவிடட்டும்.

அப்பா