நீலப் புகையும் மூன்று ஃபில்டர்களும்

மார்ச் 4, செவ்வாய்

இறந்துபோன கணவரின் நினைவாகத்தான் நான் இந்தக் காரை வைத்திருக்கிறேன் என்று பழைய கார்ச் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். இன்று செயலாளரே தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, "சாரோட ஞாபகமாச்சே மேடம், விட மனசு வருமா?" என்றார்.

தவறு. வண்டி என்னுடையது. என் சம்பளத்தில் நான் வாங்கியது. அவருக்கு ஓட்டவே தெரியாது. பக்கத்து இருக்கையில் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்வதோடு அவர் பங்கு முடிந்தது. அந்தக் கைப்பிடி ஓரிடத்தில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. நினைவு என்றால் அவ்வளவுதான்.

செயலாளர் கூப்பிட்டது ஏப்ரலில் நடக்கும் மலைப்பாதை ஓட்டத்துக்கு. இம்மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். புகை விடும் வண்டிக்கு இடமில்லை.

என் வண்டி புகை விடுகிறது. போன மாதம் சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து, மேட்டில் ஏறினால் போதும். செயலாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

மகன் வந்தான். அவனோடு காரில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்துவிட்டான்.

"அம்மா, பின்னாடி பாருங்க. கொசுவுக்கு மருந்து அடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு."

அவனிடம் காரை வாங்க ஏற்கெனவே ஆள் தயாராம். ஓட்டல் முதலாளி ஒருவர். வாசலில் நிறுத்தி வைப்பாராம், பூச்செடியெல்லாம் வைத்து.

"காருக்குள்ளேயா?"

"சுத்தி வைப்பாரும்மா. ஓட வேண்டாம், அழகா நின்னாப் போதும்கிறார்."

அழகாக நிற்பதாம்! எனக்குத்தான் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளுமே. "இந்த மாசக் கடைசிக்குள்ள புகை நிக்கலேன்னா நானே சாவியைக் குடுத்துடறேன், போ" என்று சொல்லிவிட்டேன். அவன் உடனே, "சொன்னா சொன்னதுதானே?" என்றான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளிடம் கேட்கும் கேள்வியா இது?

சொன்னால் சொன்னதுதான். ஏன் சொன்னேன்?

மார்ச் 7, வெள்ளி

மெக்கானிக்கை வரச் சொன்னேன். எதைக் கேட்டாலும் "தாராளமா" என்பதால் தெருவில் அவருக்குத் தாராளம் என்றே பெயர். போனட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"பிஸ்டன் ரிங் தேஞ்சு எண்ணெய் உள்ள வருதும்மா. இஞ்சினை இறக்கணும். ரெண்டு மூணு மாசம் ஆகும்."

ஓட்டல் வாசலும் பூச்செடிகளும் கண்முன் வந்து நின்றன. "அதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டரை மாத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். ஏதோ ஒன்றைக் கேட்க வேண்டுமே.

"தாராளமா!"

இப்போதிருக்கும் ஃபில்டர் வண்டியோடு வந்தது. கறுப்பு இரும்புச் சட்டி, அடியில் எண்ணெய். உள்ளே வரும் காற்று எண்ணெயைத் தொட்டுத் திரும்பும்போது தூசியை அதில் விட்டுவிட்டு, மேலே கம்பி வலை வழியாக இஞ்சினுக்குப் போகிறது. வாசலில் காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வருவதுபோல. எனக்குப் பிடித்த ஏற்பாடு.

மார்ச் 10, திங்கள்

உதிரிபாகக் கடை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "புகை கறுப்பா, நீலமா?" என்றார்.

"நீலம்."

"அப்ப எண்ணெய் எரியுது. ஃபில்டர் அடைச்சிருந்தாக் கறுப்பால்ல வரும். இதை வாங்கி என்ன பண்ணப்போறீங்க?"

விற்கிறவரே வாங்காதே என்கிறார்! "நான் யோசனை கேக்கலை, ஃபில்டர் கேட்டேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த வட்ட ஃபில்டர், பழைய சட்டியை எடுத்துவிட்டு ஒரு மூடிக்குள் வைப்பது. இன்னொன்று கூம்பு வடிவத்தில் சிவப்புப் பஞ்சுத் துணி. மூடியே கிடையாது. "பசங்க எல்லாம் இதைத்தான் போடறாங்க." நான் பையன் இல்லை. ஆனாலும் இரண்டையும் வாங்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

சிவப்புக் கூம்பு. சூடான தேநீரை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் விக்கல். தெருமுனையில் ஒரு முறை படார் என்று வெடித்ததில் எதிரே வந்த தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். "காத்து அதிகமாப் போகுது, பெட்ரோல் பத்தலை" என்கிறார் தாராளம். இதோடு நான் வெளியே போக முடியாது.

ஆனால் மேட்டில் புகை இல்லை! இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். இல்லவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

காகித ஃபில்டர். சத்தமில்லை, விக்கலில்லை, புகையும் இல்லை. "இதையே வச்சுக்குங்கம்மா, தாராளமா!" என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு சிஸ்டர் இருந்தார். மேசையைத் துடைத்தோமா என்று வெள்ளைக் கைக்குட்டையால் தடவித்தான் பார்ப்பார், மேலே அல்ல, அடியில். நானும் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் உட்புறத்தைக் கைக்குட்டையால் துடைத்தேன். சாம்பல் நிறத் தூசி. மூடியின் உயரத்துக்கு ஃபில்டர் எட்டவில்லை. அந்த இடைவெளியில் தெருப் புழுதியெல்லாம் உள்ளே.

"கொஞ்சம் பஞ்சை வச்சு அடைச்சிடலாம்மா."

"என் வண்டிக்கு என்ன, காதுவலியா?"

மார்ச் 14, வெள்ளி

காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. ரிங் தேய்ந்திருந்தால் எந்த ஃபில்டரைப் போட்டாலும் புகைய வேண்டும். இரண்டிலும் புகையவில்லை. அப்படியானால் புகை எங்கிருந்து வந்தது — சட்டியிலிருந்தா?

நான் இதைச் செவ்வாய்க்கிழமையே யோசித்திருக்க வேண்டாமா?

கழற்றி வைத்த சட்டி கொட்டகையில் எண்ணெயோடு அப்படியே இருந்தது. எண்ணெயை ஒரு வாளியில் கொட்டிவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். அழுக்குக்கு அடியில், உள்சுவரில், சுற்றிலும் ஒரு கோடு. பக்கத்தில் ஓர் அம்புக்குறி. எண்ணெய் அதுவரைதான். வாளியிலிருந்து திரும்ப ஊற்றிப் பார்த்தேன். கோடு முழுகிப்போய், அதற்கு மேலும் இரண்டு விரல்கடை நின்றது.

தாராளத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதை ஊத்தினது யாரு?"

"நான்தாம்மா. உங்க வண்டியாச்சே, குறைச்சலா ஊத்துவேனா?"

மேட்டில் இஞ்சின் பலமாக மூச்சிழுக்கும்போது அந்த அதிகப்படி எண்ணெயும் காற்றோடு உள்ளே போய் எரிந்திருக்கிறது. இந்த மனிதருக்குக் கோடு ஒரு பொருட்டா! திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாரா, சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க பாசமெல்லாம் இஞ்சினுக்குள்ள போய்ப் புகைஞ்சிருக்கு. இனிமே கோடு வரைக்கும் பாசம் வச்சாப் போதும்."

"சரிம்மா." 'தாராளமா' என்று சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

சட்டி கழுவி, வலை கழுவி, புது எண்ணெய், கோடுவரை. நானே ஊற்றினேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகனை ஏற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனேன். கழுத்தைத் திருப்பியபடியே வந்தான். உச்சிவரைக்கும் புகை இல்லை. இறங்கும்போதும் இல்லை. ஓட்டல் முதலாளிக்கு அங்கிருந்தே போன் செய்து, "இல்லை சார், ஓடுது" என்றான். சற்று வருத்தமாகத்தான் சொன்னான்.

திரும்பும் வழியில் கொஞ்சம் வேகம் எடுத்தேன், சந்தோஷத்தில்.

"மெதுவா, மெதுவா."

திரும்பிப் பார்த்தேன். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். தேய்ந்த அதே இடத்தில். அவனுக்குத் தெரியாது. வேகத்தைக் குறைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

திங்களன்று மலைப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். இன்று சங்கத்திலிருந்து முதல் பட்டியல் வந்தது. என் வண்டிக்கு நேரே 'மறைந்த உறுப்பினரின் நினைவு வண்டி. ஓட்டுபவர்: மகன்' என்று போட்டிருக்கிறார்கள். அவர் உறுப்பினராகவே இருந்ததில்லை! மகன் பார்த்துவிட்டு, "ஐயோ, நான் ஓட்டமாட்டேம்மா" என்றான். பதில் எழுதி அனுப்பிவிட்டேன். நகல் கீழே.

ஐயா, தங்கள் பட்டியலில் என் வண்டி பற்றிய விவரங்கள் தவறு. சரியானவை: உரிமையாளர் நான். ஓட்டுபவர் நான். இது யாருடைய நினைவு வண்டியும் அல்ல. ஏர் ஃபில்டர், வண்டியோடு வந்த பழைய எண்ணெய்ச் சட்டி. புகை கிடையாது, நேரில் வந்து பார்க்கலாம். பக்கத்து இருக்கையில் என் மகன் வருவார். அவர் வழி நெடுக "மெதுவா" என்பார் என்பதால் நாங்கள் சற்றுத் தாமதமாக வந்து சேரக்கூடும். பட்டியலைத் திருத்தியதும் எனக்கு எழுத்தில் பதில் அனுப்பவும். தொலைபேசியில் வேண்டாம்.